மருத்துவக் குழுவுக்கு நீ கேட்ட ஒரு பக்கம்

பிள்ளை,

நீ என்னிடம் கேட்டது ஒரு பக்கம்தான். இது அதைவிட நீளப் போகிறது, பொறுத்துக்கொள். மன்னார் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த காலத்திலிருந்தே எனக்குச் சுருக்கமாக எழுத வராது. ஒரு விஷயத்தின் முன்னையும் பின்னையும் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதுபோல இருக்கும். நீ கேட்ட பக்கத்தைத் தனியாக எழுதி இத்துடன் வைக்கிறேன். மருத்துவக் குழுவுக்கு அது போதும். இந்தக் கடிதம் உனக்கு. ஆனால் நீ வாசித்துச் சம்மதித்தால், நம்முடைய கோவில் மலரிலும் இதைப் போடச் சொல்லுவேன். பலெர்மோவில் இருக்கும் நம்முடைய ஆட்கள் அத்தனை பேரிடமும் "என் மகளுக்கு வலிப்பு, செபியுங்கள்" என்று கேட்டுத் திரிந்தவன் நான். அதைத் திருத்துவதும் அவர்கள் முன்னால்தான் நடக்க வேண்டும்.

வாசிக்கிறவர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன். நீ இந்த இத்தாலி நாட்டு இராணுவத்தில் சேர விண்ணப்பித்தாய். ஓட்டத்தில் தேறினாய், எழுத்துப் பரீட்சையில் தேறினாய். மருத்துவப் பரிசோதனையில் உன் பழைய கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். எட்டு வயதில் வலிப்பு நோய், மூன்று வருடம் குளிசை மருந்து என்று அதில் இருந்தது. விதிவிலக்குக் கேட்கலாம், ஆனால் இரண்டு தாள்கள் வேண்டும்: ஒன்று நரம்பியல் வைத்தியரின் புதிய அறிக்கை, மற்றது சிறுவயதில் உன்னைக் கவனித்தவர் எழுதித் தரும் வாக்குமூலம். வயதெல்லை உனக்கு இந்த இலையுதிர்காலத்தோடு முடிகிறது. இந்தமுறை மறுத்தால் பிறகு ஒருபோதும் இல்லை. "அப்பா, சின்னனிலை வந்த வருத்தம் இப்ப இல்லையெண்டு எழுதித் தாங்கோ, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நீ வேலைக்குப் போய்விட்டாய்.

அந்த "அவ்வளவுதான்" எனக்கு ஆறு கிழமை எடுத்தது. அம்மா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது, நான் தாளும் பேனையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பட்டாளத்துக்கு அவள் போறாளோ, நீங்கள் போறியளோ? ஒரு தாளுக்கு இவ்வளவு நேரமோ?" உண்மையில் அந்தத் தாளில் நான் எழுதியிருந்தது வேறு. "கடைசியாக எப்போது வந்தது என்று எனக்கு உறுதியாக நினைவில்லை" என்று எழுதி, உறையில் போட்டு, உறையை ஒட்டியும் வைத்தேன். அந்த ஒரு வரி உன்னை வீட்டில் நிறுத்திவிடும் என்று எனக்குத் தெரியும். பொய் என்று ஒருவரும் சொல்லவும் முடியாது. பயந்தவர்கள் செய்யும் கெடுதல் இப்படித்தான் இருக்கும், பிள்ளை. நல்ல கையெழுத்தில், மரியாதையான வசனத்தில் இருக்கும். அந்த உறையை நான் கிழித்துவிட்டேன். கிழிப்பதற்கு முன் பதினொரு நாள் வைத்திருந்தேன்.

நான் ஏன் பயந்தேன் என்பதைச் சொல்ல, அந்தப் பின்னேரங்களுக்குத் திரும்பிப் போகவேண்டும். அம்மா லிபெர்த்தா வீதியில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்தாள். ஞாயிறு மட்டும் வருவாள். நான் அதே பகுதியில் வயதான பொறியியலாளர் ஒருவரைக் காலையில் பராமரித்துவிட்டு, உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு சந்தைக்கு மேலே நம்முடைய வீடு இருந்த அல்பெர்கேரியாவுக்கு நடப்பேன். மூன்று மணிக்குப் பிறகு சந்தை ஓய்ந்துவிடும். கூவிக் களைத்த வியாபாரிகள் மீன் தட்டுகளைக் கழுவி ஊற்றும் சத்தம் மட்டும் கேட்கும். கீழே கட்டியிருக்கும் சிவப்புப் படங்குத் துணியில் வெயில் பட்டு, நம்முடைய குசினிச் சுவர் முழுவதும் சிவந்து கிடக்கும். அந்த நேரத்தில்தான் அது வரும். நான் அடுப்பில் எதையோ செய்துகொண்டிருப்பேன். நிமிர்ந்து பார்த்தால் நீ எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருப்பாய். கண் திறந்திருக்கும், இமை மூடாது. இரண்டு கைகளும் தோள் உயரத்துக்கு எழும்பி, உள்ளங்கை முன்னால் தெரிய அப்படியே நிற்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். சற்று நேரத்தில் நீ கைகளை இறக்குவாய். "என்னம்மா நடந்தது உனக்கு?" என்று கேட்டால், "ஒண்டும் இல்லை" என்பாய்.

நான் ஒரு குறிப்புக் கொப்பி போட்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. கோடு கீறி, கிழமை, தொடக்கம், முடிவு, முன் நடந்தது, பின் நடந்தது என்று பிரித்தேன். "செவ்வாய். தொடக்கம் 3.20. முடிவு 3.31. முன்: சோறு அடுப்பில், பிள்ளை படம் கீறியது. பின்: பிள்ளை அழவில்லை, ஒன்றும் இல்லை என்றது. சோறு அடிப்பிடித்துவிட்டது." இப்படி ஒரு கொப்பி முழுவதும். பிறகு அகராதியை வைத்து இத்தாலிய மொழியில் பெயர்த்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். அப்போதைய வைத்தியர் தலையில் கம்பிகள் பொருத்திப் பார்த்தார். தெளிவாக ஒன்றும் இல்லை, ஆனால் தகப்பன் இவ்வளவு ஒழுங்காகக் குறித்து வைத்திருக்கிறாரே என்று வியந்தார். என் கொப்பியை நம்பித்தான் குளிசை எழுதினார்.

கொப்பியில் நான் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. உன் கைகளைப் பற்றி ஓரிடத்திலும் எழுதவில்லை. எந்த வைத்தியருக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் என் தம்பி. உன் சித்தப்பாவை உனக்குப் படத்தில் மட்டும்தான் தெரியும். கடற்சண்டையில் இறந்துபோனதாக உனக்குச் சொல்லியிருந்தேன். அது உண்மையில்லை. ஒருநாள் விடிய இராணுவத்தினர் எங்கள் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். வரிசையாக நிறுத்தி, கைகளைத் தோளுக்கு உயர்த்தச் சொன்னார்கள். ஜீப் ஒன்றுக்குள் ஒருவன் இருந்தான். முகம் முழுவதும் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவனைத் தலையாட்டி என்று சொல்லுவோம். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடத்திக்கொண்டு போவார்கள். அவன் தலை ஆடினால் அந்த ஆள் லொறிக்குப் போகவேண்டும். சித்தப்பாவையும் என்னையும் ஒன்றாகவே அவன் முன்னால் நிறுத்தினார்கள். சாக்கு ஒருமுறை ஆடியது. சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள், பிறகு அவன் திரும்பி வரவில்லை. அந்த ஆட்டம் அவனுக்கா எனக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வாய் திறக்கவில்லை. லொறிகள் போன பிறகும் நாங்கள் கை உயர்த்தியபடியே நின்றோம். இறக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது நீ யோசித்துப் பார். இருபது வருடம் கழித்து, கடல் தாண்டி வந்து, பலெர்மோவில் பிறந்த என் எட்டு வயதுப் பிள்ளை, அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், எனக்கு எதிரே, என் தம்பியைப்போலவே நிற்கிறது. படித்தவன்தான் நான். ஆனாலும் அவன் வந்துவிட்டான் என்றே நினைத்தேன். ஏன் வாய் திறக்கவில்லை என்று என்னிடம் கேட்க வந்திருக்கிறான், உன் வழியாகக் கேட்கிறான் என்று நினைத்தேன். புனித ரொசாலியாவின் மலைக்கு உன்னை வெறுங்காலோடு நடத்திக் கூட்டிக்கொண்டு போனது உன் சுகத்துக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். அங்கே நான் கேட்டது வேறு. என்னை எடுத்துக்கொள், பிள்ளையை விட்டுவிடு என்று அவனிடம்தான் கேட்டேன். உனக்குப் பதினொரு வயதானபோது அது நின்றது. குளிசையும் நின்றது. நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் கொப்பியை மூடி வைத்தேன்.

இனி, புதிய அறிக்கைக்காக நரம்பியல் வைத்தியரிடம் போன அந்த நாள். பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில், நரைத்த தலையை ஆண்பிள்ளைபோல வெட்டியிருந்த அந்த வைத்தியர் அம்மா உன் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு என் கொப்பியின் பிரதியைக் கோப்பிலிருந்து எடுத்தார். நெடுநேரம் வாசித்தார். "சிஞ்ஞோரே, பதினொரு நிமிடம், ஒன்பது நிமிடம், பதினான்கு நிமிடம் என்று இருக்கிறது. இந்த வகை வலிப்பு ஒரு சில விநாடிதான் நீடிக்கும். தொடங்கிய நேரத்தை எப்படிக் குறித்தீர்கள்?" என்று கேட்டார். கடைசியாக நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்த நேரத்தைத் தொடக்கமாக எழுதினேன் என்று சொன்னேன். அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கோபமில்லாமல், ஒரு கணக்குக் கேட்பதுபோலக் கேட்டார்: "மகளை இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், சோறு ஏன் அடிப்பிடித்தது?"

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்து, பேருந்துத் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்திருந்தோம். சனம் கடைப் பைகளோடு போய்க்கொண்டிருந்தது. பேருந்து ஒன்று வந்தது, நீ ஏறவில்லை.

"அது நீங்கள்தான் அப்பா," என்றாய்.

"என்ன நான்?"

"நிண்டது. எப்பவும் நீங்கள்தான். நான் ஒருநாளும் இல்லை."

"நான் கண்ணாலை கண்டனான் பிள்ளை. உன்ரை கை—"

"முதல் தரம் கத்தினன். உங்கடை சேட்டைப் பிடிச்சு இழுத்தன். நீங்கள் கையைத் தூக்கிக்கொண்டு அப்பிடியே நிண்டியள், கண்ணும் வெட்டேல்லை. தண்ணி வாளி நிரம்பி நிலமெல்லாம் ஓடுது. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. முன்னாலை வந்து நானும் கையைத் தூக்கினன். உங்களைத் தனிய விட்டா வரமாட்டியள் எண்டு நினைச்சன். கொஞ்ச நேரத்தாலை வந்திட்டியள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு தரமும் அப்பிடித்தான் செய்தனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"வந்த உடனை நீங்கள் என்னைக் கட்டிப்பிடிச்சு, உனக்கு என்ன நடந்தது எண்டு அழுவியள். எனக்கு எட்டு வயசு. எனக்குத்தான் ஏதோ எண்டு நானும் நினைச்சன். பிறகு விளங்கிச்சுது. ஆனா அதுக்குள்ளை குளிசை வந்திட்டுது." நீ சிரித்தாய். "கசப்புக் குளிசை. பிறகு வாங்கித் தாற ஜெலாட்டோவுக்காக விழுங்கினன்."

"வைத்தியரிட்டை சொல்லியிருக்கலாமே."

"ஆர் சொல்லுறது? நீங்கள் தமிழிலை சொல்ல நான்தானே அவருக்கு இத்தாலியனிலை சொல்லிக்கொண்டிருந்தன். குடும்பத்திலை வேறை ஆருக்கும் இருக்கோ எண்டு கேட்டவர். நீங்கள் இல்லையெண்டியள், நானும் இல்லையெண்டன். நீங்கள் பாக்கிற கிழவற்றை மனுசி, அந்தச் சிஞ்ஞோரா, முந்தி வேலை செய்த ஆளைப் பற்றி லிப்டுக்குள்ளை ஆரோடையோ போனிலை கதைச்சவ, வருத்தக்காரனை வைச்சு என்ரை மனுசனைப் பார்க்கேலாது எண்டு. வேலை இல்லாட்டி இந்த நாட்டிலை இருக்கிற பெர்மெஸ்ஸோவும் இல்லை. அது எனக்கு அப்பவே தெரியும்."

இன்னொரு பேருந்து வந்து போனது. பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்டேன். "நான் நிற்கேக்கை ஆரைப் பாக்கிறனான்? உன்னையோ?"

"இல்லை. உங்கடை கண் எனக்குப் பின்னாலை பாக்கும்." பிறகு சொன்னாய்: "நான் ஒருநாளும் திரும்பிப் பாக்கேல்லை அப்பா."

"சரி. அது உன்ரை பதினொரு வயசிலை நிண்டிட்டுதுதானே."

"நிக்கேல்லை. எனக்கு வேறை வழி பிடிபட்டுது. உங்கடை கையை மெல்லப் பிடிச்சு இறக்கினா வந்திடுவியள், உங்களுக்கே தெரியாமல்."

"கடைசியா எப்ப?"

"போன மாதம்."

"எல்லாமா எத்தினை தரம்?"

"நான் எண்ணேல்லை. எண்ணுறது உங்கடை வேலை."

அன்று வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்துத் திரும்ப வாசித்தேன். தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது. சவர்க்காரம் கையிலேயே காய்ந்துவிட்டது. வெயில் மேசையிலிருந்து சுவருக்குப் போயிருந்தது. எல்லாம் என் கையெழுத்து. என் நோயை உன் பெயரில் எழுதி, நீதான் நோயாளி என்று முத்திரை குத்தி, உன்னைக்கொண்டே அதை வைத்தியருக்கு மொழிபெயர்ப்பித்து, மூன்று வருடம் உனக்குக் குளிசை கொடுத்திருக்கிறேன். இந்தப் பிழையை ஒரு சோம்பேறி விட்டிருக்கமாட்டான். என்னைப்போல ஒழுங்காக எழுதுகிறவனால்தான் இது முடியும். அதைவிட என்னைக் கொல்வது வேறொன்று: இந்த வருடமும் நீ என்னிடம் கேட்டது, வந்த வருத்தம் மாறிவிட்டது என்று எழுதச் சொல்லித்தான். உனக்கு வராத வருத்தம். அதை உன் தலையிலேயே வைத்துக்கொண்டு போக இருந்தாய்.

உண்மையைப் போய்ச் சொன்னபோது, அந்த நிமிடங்களில் நான் எங்கே போகிறேன் என்று வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மைதானத்துக்கு என்று சொல்ல ஆசையாக இருந்தது. அப்படிச் சொன்னால் ஒரு ஒழுங்கு இருக்கும். ஆனால் அங்கே மைதானம் இல்லை. ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தொடங்குவதுபோல இருக்கும், நடுவில் தாள் கிழிந்திருப்பது தெரியாது. என் உடம்பு மட்டும் அங்கே நின்று, உன் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வருவது வலிப்பு இல்லை, பிள்ளைக்குக் கடத்துகிற நோயும் இல்லை என்று நினைப்பதாக அவர் உன் அறிக்கையில் எழுதித் தந்திருக்கிறார். நான் சிகிச்சைக்கு வரவேண்டும் என்றும் சொன்னார். அடுத்த நாள் காலையிலேயே சிஞ்ஞோராவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். இத்தனை வருடம் அவருடைய கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அந்தப் பெரிய வீதியைக் கடந்திருக்கிறேன். அந்த அம்மா சத்தம் போடவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். வேலை போய்விட்டது. போகத்தான் வேண்டும்.

நீ சீருடை போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இதை இங்கே எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பயனில்லை. சீருடையைக் கண்டால் இப்போதும் வீதியின் மறுபக்கம் மாறி நடப்பேன். இத்தாலியச் சீருடை வேறு என்று நீ எத்தனை தரம் விளங்கப்படுத்தினாலும் காலுக்கு அது விளங்காது. ஆனால் நீ ஏன் போகிறாய் என்று யோசித்தேன். எட்டு வயதில், மூன்றாம் மாடிக் குசினியில், பயந்துபோன ஒரு மனிதனுக்கு முன்னால் ஓடாமல் நின்றவள் நீ. நான் அந்த மைதானத்தில் செய்யாததை நீ செய்தாய். அப்படிப்பட்டவளுக்கு எங்கே நிற்பது என்று நான் சொல்லித்தர முடியாது. ஒரு தகப்பனாக ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கேயாவது, எந்த நாட்டிலாவது, உன் முன்னால் ஒருவன் கை உயர்த்தி நின்றால், வேலை முடிந்ததும் இறக்கலாம் என்று அவனுக்குச் சொல்லிவிட்டுப் போ. அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மறந்துவிடாதே.

நேற்றுப் பின்னேரம்வரை உனக்காக எழுதிய பக்கத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. எழுதி முடித்து வைத்திருந்தேன். அதில் எல்லாம் சரியாக இருந்தது. கை போகவில்லை. சீருடைப் பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு: நீ போனால் என் கையை இறக்க ஆள் இல்லை. இந்த வயதில் அது எவ்வளவு சின்னத்தனமான பயம் என்று தெரியும். தெரிந்தும் பேனையை மூடி வைத்தேன். பிறகு திறந்து, இந்தக் கடிதத்தைத் தொடர்ந்து எழுத உட்கார்ந்தேன். நீ வேலையில். அம்மா வேலையில். வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

பேனை நிலத்தில் கிடந்தது. நான் எழும்பி நின்றுகொண்டிருந்தேன். மேசையில் இருந்த வெயில் போய்விட்டது, கீழே கடைக்காரர்கள் மாலை வியாபாரத்துக்குக் கதவுகளைத் திறக்கும் சத்தம் கேட்டது. என் கைகள் இரண்டும் தோளுக்கு நேரே இருந்தன. முதல் தடவையாக அவற்றை நான் பார்த்தேன். எனக்கு எதிரே இருந்த கதிரை மேசையிலிருந்து சற்றுப் பின்னால் இழுபட்டிருந்தது, நான்தான் இழுத்திருப்பேன். அதற்கப்பால் சுவர் மட்டும்தான். நெடுநேரம் அந்தச் சுவரைப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. பிறகு முதலில் வலது கையையும், அடுத்து இடது கையையும் இறக்கினேன். தோள் மூட்டு நன்றாக வலித்தது. அந்த வலியை வைத்துப் பார்த்தால் நீண்ட நேரம் நின்றிருக்க வேண்டும்.

என்னைத் தனியே விட்டால் நான் வரமாட்டேன் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். வந்துவிட்டேன், பிள்ளை.

குனிந்து பேனையை எடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். வந்து எடுத்துக்கொண்டு போ.

அப்பா